வெள்ளைத் தெருவில் ஆள் நடமாட்டம்

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டீர்கள். எடுத்தாலும் "உங்க அண்ணன்கிட்ட குடுக்கறேன்" என்று கொடுத்துவிடுவீர்கள். அண்ணனோ பல் டாக்டர். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிறவர், நம் இருவர் விஷயத்தில் மட்டும் தன் வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதானால் படித்த பிறகு கிழியுங்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் விருந்தாளியாக வந்து பேசி நான்கு மாதம் ஆகிறது. நீங்கள் கண்டுபிடித்த வெள்ளைப் பூச்சைத் தார்ச் சாலைமேல் பூசினால் தரை சூடாகாது, ஊரே குளிரும் என்று படம் போட்டுக் காட்டினீர்கள். இங்கே ஒரு தெருவில் பூசி, அளந்தும் பார்த்ததாகச் சொன்னீர்கள். கடைசியில் நான் எழுந்து, "அளந்த நாட்களில் அந்தத் தெருவில் யாராவது நடந்தார்களா?" என்று கேட்டேன். "இல்லை, தடுப்பு வைத்து அடைத்திருந்தோம்" என்றீர்கள். அரங்கமே சிரித்தது.

கேட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்தச் சிரிப்புக்குக் கேட்கிறேன். சொந்த நாத்தனாரே சபையில் காலை வாரிவிட்டாள் என்று நினைத்திருப்பீர்கள். சத்தியமாக அந்த எண்ணம் இல்லை. மனிதர்கள் தெருவில் எப்படி நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. எனக்கு வேறு கேள்வி வராது.

இப்போது எழுதக் காரணம் உண்டு. நீங்கள் பூசிய அந்தத் தெரு வழியாகத்தான் நான் தினமும் பஸ் நிறுத்தத்துக்குப் போகிறேன். வெயில் ஏற ஏற, அங்கே மதிய நேரத்தில் ஆள் நடமாட்டம் குறைகிறது. சாவி வெட்டுகிறவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார். "என்ன, சினிமால நடிக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். "கண்ணு கூசுதும்மா. சாவியோட பல்லு எது, பள்ளம் எதுன்னே தெரியல" என்றார். மருந்துக்கடை அம்மாவுக்கும் அதே குறைதான். "தரை சுடலைதான், கையை வச்சுப் பாத்தேன். ஆனா நமக்குச் சுடுதே" என்கிறார்.

சந்தையைச் சுற்றியுள்ள எல்லாத் தெருக்களுக்கும் உங்கள் பூச்சைப் பூசுவதா என்று நகராட்சிக் குழு ஜூலையில் கூடி முடிவு செய்யப் போகிறதாம். அதற்குள் ஒரு நடுப்பகலில் வந்து நடந்து பாருங்கள். என் வீட்டில் தங்க இஷ்டமில்லை என்றால் ஓட்டலில் தங்குங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம்தான் கோபித்துக்கொள்வேன்.

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 14

நாத்தனாருக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. உன் அண்ணன் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கா" என்றார். நீங்கள் யார் பக்கம் என்று கேட்டேன். நோயாளி காத்திருக்கிறார் என்று எழுந்து போய்விட்டார்.

தடுப்பு ஏன் வைத்தோம் என்று சொல்கிறேன். ஓர் ஆள் கருவிக்குப் பக்கத்தில் வந்து நின்றால் தரையில் நிழல் விழும். உடம்புச் சூடும் கலக்கும். அளவு கெட்டுவிடும். எங்கள் துறையில் எல்லோரும் இப்படித்தான் அளக்கிறார்கள். நாய், புறா, லாரி, ஆட்கள் எல்லாவற்றையும் "இடையூறு" என்ற ஒரே தலைப்பில்தான் போடுவோம். இதில் ஆணவம் ஒன்றும் இல்லை. அறுவை சிகிச்சை அறைக்குள் சொந்தக்காரர்களை விடாமல் இருப்பது ஆணவமா?

அந்தப் பூச்சுக்கு நான் ஏழு வருடம் கொடுத்திருக்கிறேன். முதல் மூன்று வருடமும் ஒவ்வொரு மழைக்கும் அது பால் போலச் சாக்கடையில் ஓடியது. பிறகு மழைக்கு நின்றது, சக்கரத்துக்குத் தேய்ந்தது. இப்போது லாரி ஏறினாலும் அசைவதில்லை. அப்படிப்பட்டதை முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த அரங்கில் ஒரே வரியில் நீ கேலிக்கூத்தாக்கினாய். சிரித்தவர்களைவிட, சிரிக்கவைத்தது நீ என்பதுதான் எனக்கு வலித்தது. உன்னைத் தவிர அந்த அரங்கில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கையில் பையோடு வருகிற பெண்கள் தெருவை எப்படிக் கடக்கிறார்கள் என்று முப்பது பக்கம் எழுதினாயே, அதைப் படித்து எந்த நகராட்சி எந்த நடைபாதையை அகலமாக்கியது? அந்தப் பெண்களில் யாராவது அதைப் படித்தார்களா? நீ கேட்கிறாய், அவர்கள் சொல்கிறார்கள், நீ எழுதுகிறாய், உனக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. நானாவது ஒரு தெருவுக்கு எதையோ கொடுத்தேன்.

கண் கூசுகிறது என்பது புகார்தான், அளவு இல்லை. தலைக்குமேல் வேலை இருக்கிறது, வர முடியாது. போன தடவை நீ விட்டுவிட்டுப் போன சால்வையைத் துவைத்து வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்புகிறேன்.

அண்ணி

*

மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

சால்வை வந்தது. இவ்வளவு கச்சிதமாக மடித்து யாரும் யாரையும் வீட்டை விட்டு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

பதில் தாமதமானதற்குக் காரணம் கோபம்தான். எழுதி எழுதிக் கிழித்தேன். உங்கள் கேள்வி பொய்யாக இருந்திருந்தால் முதல் நாளே சுடச்சுடப் பதில் போட்டிருப்பேன். ஆனால் அது சுருக்கென்று தைத்த கேள்வி. யாரும் படிக்கவில்லை, அண்ணி. ஒருத்தரும் படிக்கவில்லை. நானும் படிக்கக் கொடுத்ததில்லை.

அதனால் போன வாரம் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டம் இல்லாத நேரம். சாவிக்காரரையும் கூப்பிட்டு, பேச்சு நடையில் மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினேன். வாய் உலர்ந்துவிட்டது. 

மருந்துக்கடை அம்மா கடைசி வரை கேட்டுவிட்டு, "இதுல வர்ற பொம்பளை நானா? இவ்வளவு கஷ்டப்பட்டா நான் ரோட்டைத் தாண்டறேன்? எனக்கே தெரியாதே" என்றார். சாவிக்காரர், "எங்க நடைக்கா முப்பது பக்கம்?" என்று கேட்டுவிட்டு, "ஒண்ணு விட்டுட்டீங்க. நீங்க எழுதின இடத்துல பாதிப் பேரு பயத்துல நிக்கல. எதுத்த கடை டிவியில மேட்ச் பாக்க நிக்கறாங்க" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. இத்தனை வருடத்தில் என் ஆராய்ச்சியை யாரும் இப்படிக் குறுக்கே பேசித் திருத்தியதில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அன்றைக்கு மதியம் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, உங்கள் வெள்ளைத் தெருவில் ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டியின் மேல்மூடியை முழுக்க இழுத்துவிட்டிருந்தாள். அதற்கும் மேல் ஒரு குடை பிடித்திருந்தாள். அப்படியும் குழந்தை கண்ணை இறுக்கிக்கொண்டு, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி அழுதது. அவள் நின்று, குடையைச் சாய்த்துப் பார்த்தாள், தாழ்த்திப் பார்த்தாள். வெயில் கீழேயிருந்து வந்தது, அண்ணி. அதற்கு எந்தக் குடையைப் பிடிப்பது? கடைசியில் குடையை மடக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு பக்கத்துத் தார்த் தெரு வழியாகச் சுற்றிப் போனாள்.

இதுவும் அளவு இல்லைதான். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படி இருப்பேன்?

நாத்தனார்

*

மே 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

குடையை எங்கே பிடிப்பது என்று நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில், சாப்பிடும்போது, உன் அண்ணன் பேசுவதைக் கேட்பதாகப் பாவனை செய்யும்போது, எல்லா நேரமும் அதே யோசனைதான்.

தரை சூடாகவில்லை என்றால் வந்த வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம். திருப்பி அனுப்பிய வெயில் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். வானத்தை நோக்கிப் போகிறது என்று என் படத்தில் அம்புக்குறி போட்டிருந்தேன். நடுவில் ஓர் ஆள் நின்றால் அம்பு அவர்மேல்தான் படும். இது பெரிய கண்டுபிடிப்பு இல்லை. பள்ளிக்கூடப் பாடம்தான். தெருவில் ஆள் இல்லாததால் படத்திலும் ஆளைப் போடத் தோன்றவில்லை. வேறு சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

பார்சலில் ஒரு கருவி அனுப்பியிருக்கிறேன். கறுப்பு உலோக உருண்டை, அதற்குள் ஒரு வெப்பமானி. மேலிருந்தும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகிற எல்லாச் சூட்டையும் அது வாங்கிக்கொள்ளும். உடம்பும் அதைத்தானே செய்கிறது. நெஞ்சு உயரத்துக்குத் தாங்கியில் பொருத்து. வெள்ளைத் தெருவிலும் தார்த் தெருவிலும் மாறி மாறி வை. வைத்த உடனே எண்ணைப் பார்க்காதே, உருண்டை வெயிலுக்குப் பழக வேண்டும். குழந்தை வண்டியின் உயரத்திலும் வைத்துப் பார்.

பகலில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்திவிடாதே. பொழுது சாய்ந்த பிறகும் அள. உன் நேர்காணல்கள் எல்லாம் ஆபீஸ் நேரத்தில் எடுத்தவை என்று உன் கட்டுரையின் பின்னிணைப்பில் நீயே எழுதியிருக்கிறாய். ஆமாம், படித்தேன். முப்பது பக்கமும் படித்தேன்.

எண்களை மட்டும் அனுப்பு. கருத்து சேர்க்காதே.

அண்ணி

*

மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

எண்கள் தனித்தாளில் இருக்கின்றன. கருத்து சேர்க்காதே என்று என்னிடம் சொல்வது, அண்ணனிடம் இனிப்பு சாப்பிடாதே என்று சொல்வதைப் போலத்தான். கொஞ்சம் சேர்த்துவிட்டேன்.

முதல் நாள் அளந்ததைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. தாங்கியில் உருண்டையை மாட்டிவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், ஒரு பெரியவர் அதற்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். "ரொம்ப நேரமா வெயில்ல நிக்குது, கெட்டுப் போயிடப் போகுதுன்னு பாத்தேன்" என்றார். நீங்கள் ஏன் தடுப்பு வைத்தீர்கள் என்று அப்போது எனக்கு நன்றாகவே புரிந்தது. அவருக்கு நன்றி சொல்லி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் நாள், அவர் மற்றவர்களையும் கிட்டே விடாமல் காவல் காத்தார்.

மதியத்தில் வெள்ளைத் தெரு தோற்றுவிட்டது. சும்மா இல்லை, நன்றாகவே தோற்றுவிட்டது. குழந்தை வண்டி உயரத்தில் இன்னும் மோசம்.

ஆனால் சாயங்காலம் நான் எதிர்பார்க்காதது நடந்தது. எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். பொழுது சாய்ந்ததும் வெள்ளைத் தெருதான் சீக்கிரம் குளிர்கிறது. தார்த் தெரு பகலில் வாங்கியதை எல்லாம் மெதுவாகக் கக்கிக்கொண்டிருக்கும்போது, இங்கே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "இந்த வருஷம்தான் சாயங்காலம் வெளிய உக்கார முடியுது" என்று மாடி வீட்டு அம்மா சொன்னார். இத்தனை வருடம் இந்தத் தெருவைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிற எனக்கு, அதற்கு மேலும் அது தெருவாகத்தான் இருக்கிறது என்று தெரியவில்லை.

ஆகவே நீங்கள் சொன்னதிலும் பாதி சரி, நான் சொன்னதிலும் பாதி சரி. எனக்குப் பிடிக்காத பாதியையும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார்

*

ஜூன் 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

எண்களைச் சரிபார்த்தேன். நன்றாக அளந்திருக்கிறாய். என் மாணவர்களே இதைவிட அலட்சியமாக அளந்து நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் துறைத் தலைவரிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நகராட்சி உங்ககிட்ட என்ன கேட்டாங்க? தரை சூடு குறையுமான்னு கேட்டாங்க. குறையும்னு சொல்றோம். சாயங்காலமும் குளிருதுன்னு புதுசா ஒரு நல்ல விஷயம் வேற கிடைச்சிருக்கு, அதையும் சேத்துச் சொல்லுங்க. இதுல பொய் எங்க இருக்கு?" என்றார். உண்மையிலேயே ஒரு பொய்யும் இல்லை. மதியத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நகராட்சி சரி என்றால்தான் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த ஐந்து வருடம் உயிர் இருக்கும். இல்லையென்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான். என்னை நம்பி இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். நேற்று இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இளையவள் அழுதாள். மூத்தவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உண்மையைச் சொல்லிடுங்க மேடம். அப்படியே எனக்கு வேற இடத்துக்கு ஒரு சிபாரிசுக் கடிதமும் எழுதிடுங்க" என்றான். அவனைத் திட்டவும் முடியவில்லை, தட்டிக்கொடுக்கவும் முடியவில்லை.

உன் அண்ணனிடம் கேட்டேன். அதிசயமாக வாயைத் திறந்தார். "சொத்தைப் பல்லை மூடி அழகா ஒரு தொப்பி மாட்டலாம். பாக்க நல்லாவும் இருக்கும். அப்புறம் என்கிட்டதான் திரும்பி வருவாங்க" என்றார். இந்த மனிதரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதில் உருப்படியான யோசனை ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. ஏழு வருடத்தை என் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நான் என்ன செய்வேன்? காலையில் எழுந்து எங்கே போவேன்?

அண்ணி

*

ஜூன் 15

அன்புள்ள அண்ணி,

இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. வேலை போகப்போவது என்னுடையது இல்லை. பக்கத்தில் நின்று யோசனை சொல்வது எளிது.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். வெள்ளைத் தெருவுக்குப் பின்னால் ஒரு தையல் கூடம் இருக்கிறது. மூன்றாவது மாடி, அதற்குமேல் கறுத்துப்போன மொட்டை மாடி. மதியம் ஆனால் அங்கே வேலை செய்கிற பெண்கள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்துவிடுகிறார்கள். உள்ளே சாப்பிட முடியவில்லையாம். "மண்டைக்கு மேல அடுப்பு எரியுதுங்க" என்றாள் ஒருத்தி. படியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களுக்குக் காலை ஒதுக்கி ஒதுக்கி வழிவிட்டபடியே சாப்பிடுகிறார்கள். மொட்டை மாடியில் யாரும் உச்சி வெயிலில் நடப்பதில்லை. அங்கே வெயிலைத் திருப்பி அனுப்பினால் அது யார் கண்ணையும் குத்தாதே? உங்கள் பூச்சு அங்கே வேலை செய்யுமா? நான் உளறுகிறேன் என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போக மனமே வரவில்லை. அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த நாளிலிருந்து நீங்கள் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. காலையில் எழுந்து எங்கே போவேன் என்கிறீர்கள். இங்கே வாருங்கள். இதை மரியாதைக்குச் சொல்லவில்லை, அண்ணி.

நாத்தனார்

*

ஜூலை 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ உளறவில்லை. கூரைக்கு வெள்ளை அடிப்பது ஒன்றும் புதிதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாதாரணச் சுண்ணாம்பு போதும், அதற்கு எதற்கு ஆய்வுக்கூடம் என்று நினைத்தேன். ஆனால் சுண்ணாம்பு மழைக்குப் போய்விடும், ஆள் ஏறி இறங்கினால் உதிர்ந்துவிடும், வருடா வருடம் அடிக்க யாருக்கும் உடம்பு வணங்காது. லாரிக்குத் தாங்குகிற என் பூச்சு மாடிக்குத் தாங்காதா? சாலைக்கென்று செய்ததை மாடிக்குத் தருவதில் எனக்குக் கொஞ்சம் கசப்புதான். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நேற்றைய கூட்டத்துக்கு நீ வராமல் இருந்ததே நல்லது. உன்னைப் பார்த்திருந்தால் எனக்குப் பேச்சு தடுமாறியிருக்கும். முதலில் தரையின் கணக்கைச் சொன்னேன். பிறகு சாயங்காலத்தைச் சொன்னேன். தலைகள் ஆடின, எங்கள் துறைத் தலைவரும் புன்னகை செய்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மதியத்தையும் சொன்னேன். குழந்தை வண்டியையும் சொன்னேன்.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்ப பூசலாமா வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார்.

"பகல்ல ஜனங்க நடக்கற தெருவுல வேண்டாம். மொட்டை மாடியில பூசுங்க" என்றேன்.

"சாமான் விக்க வந்தவங்களே வாங்காதீங்கன்னு சொல்லி நான் இப்பத்தான் கேக்கறேன்" என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்கு வலிக்கவில்லை.

சந்தைத் தெருக்கள் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். சோதனைக்காக மூன்று மாடிகள் தந்திருக்கிறார்கள். அதில் உன் தையல் கூடமும் ஒன்று. ஐந்து வருடம் என்பது ஒரு வருடமாகச் சுருங்கிவிட்டது. எங்கள் தலைவர் என்னோடு பேசுவதில்லை, குறிப்பெழுதி அனுப்புகிறார். மூத்தவனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது, சிபாரிசுக் கடிதத்தை மனதார எழுதிக்கொடுத்தேன். இளையவள் என்னோடு இருக்கிறாள். நேற்று கூட்டம் முடிந்ததும் உன்னைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து நான் செய்தது என்ன தெரியுமா? தூங்கினேன். உன் அண்ணன் எழுப்பி எழுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம்.

நீ வேறு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் பாடம் நடத்தப் போகிறாய் என்று அவர் சொன்னார். பூச்சு பூச நான் வரும்போது நீ ஊரில் இருக்க மாட்டாயா?

அண்ணி

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணி,

இருக்க மாட்டேன். நீங்கள் ஒரு வழியாக என் வீட்டுக்கு வருகிறீர்கள், நான் கண்காணாத ஊரில் ஒற்றை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். என்ன நேரமோ. சாவியை மருந்துக்கடை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் யார் என்றும் சொல்லியிருக்கிறேன். "ஓ, ரோட்டுக்கு வெள்ளை அடிச்சவங்களா? வரட்டும், பேசிக்கறேன்" என்றார். தயாராகப் போங்கள்.

தையல் கூடத்துப் பெண்களிடம் கேட்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். முதலில் அவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும். "முன்னைவிடக் குளிர்ச்சியா இருக்கா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பதில் வரும் வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள். கடைசியாகச் சொன்னதுதான் உங்களுக்குக் கஷ்டம்.

நான் இங்கே மாணவர்களிடம் புதிதாக ஒரு கட்டளை போட்டிருக்கிறேன். யாரைப் பற்றி எழுதுகிறார்களோ, அவர்களிடம் படித்துக்காட்டி நாலு திட்டு வாங்கிய பிறகுதான் என்னிடம் கட்டுரையைக் கொடுக்க வேண்டும். இதுவரை ஒருவர்கூடக் கொடுக்கவில்லை. துறையில் என்மேல் புகார் போயிருக்கிறது. நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

நாத்தனார்

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மருந்துக்கடை அம்மா பேசினார். நெடுநேரம் பேசினார். கடைசியில் தலைவலிக்கு மாத்திரையும் அவரே கொடுத்தார்.

மூன்று மாடியிலும் பூசி முடித்து இரண்டு வாரம் ஆகிறது. உள்ளே கூரையிலும் சுவரிலும் கருவிகள் வைத்திருக்கிறோம். எண்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எண்கள் எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை நன்றாகத்தான் இருந்தன. அதனால் இன்று, நீ சொன்னபடி ஆட்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

கேள்விகளை எழுதி, கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சிரிக்காதே. மதியத்துக்கு முன்பே தையல் கூடத்து மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். உருண்டையையும் ஒரு படியில் வைத்திருந்தேன். அவர்கள் டப்பாவோடு வருவார்கள், சாப்பிடட்டும், பிறகு கேட்கலாம் என்று காத்திருந்தேன்.

உள்ளே மெஷின் சத்தம் நின்றது. யாரும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். அப்போதும் வரவில்லை. நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்குகிறார்களோ என்று நினைத்துக் கீழ்ப்படிக்குப் போய் நின்றேன். இன்றைக்கு அரை நாள் விடுமுறையோ, ஏதாவது தகராறோ என்று கவலை வந்துவிட்டது. கடைசியில் மேலே ஏறிப்போய்க் கதவைத் திறந்தேன்.

எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். நீளப் பெஞ்சில் டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு கல்யாணக் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரைம்மா பாக்கணும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான் எழுதி வைத்திருந்த கேள்வி எதுவும் வாயில் வரவில்லை. "இன்னைக்கு நீங்க ஏன் படிக்கு வரல?" என்றுதான் வந்தது.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வரணுமா? எதுக்கு?" என்று அவளே திருப்பிக் கேட்டாள்.

எத்தனை நாளாக வரவில்லை என்று அவர்களுக்கே தெரியவில்லை. யாரும் எதையும் கவனிக்கவில்லை. நான் என்ன கேட்கிறேன் என்பதும் புரியவில்லை. நீ சொல்லியிருந்தாயே, வாயை மூடிக்கொண்டு இரு என்று. எனக்கு அது கஷ்டமாகவே இல்லை, பேச முடிந்திருந்தால்தானே. கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இரண்டு பேர் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்கள். கேள்வித்தாளைப் பைக்குள் திணித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அண்ணி